சின்ன லேத்தின் தள்ளாடும் வேகம்: போர்டை மாற்றும் முன்...

மேசை மேல் வைத்து இரும்பு கடையும் சின்ன லேத்துகளில் உலகெங்கும் பலர் அறிந்தது சீனாவின் சீக் நிறுவனம் தயாரிக்கும் சி2, சி3 வகை. ஏறத்தாழ 7 அங்குல விட்டமுள்ள பொருளைச் சுழற்றக் கூடியது. அமெரிக்காவில் ஒரு பெயர், இங்கிலாந்தில் இன்னொரு பெயர், சிவப்பு, பச்சை, நீலம் என்று கடைக்குக் கடை ஒரு வண்ணம். உள்ளே இருப்பதோ கிட்டத்தட்ட ஒரே இயந்திரம் தான்! மாதிரி நீராவி எஞ்சின் செய்பவர்கள், பழைய கடிகாரத்துக்குப் பாகம் கடைபவர்கள், பொறியியல் மாணவர்கள் எனப் பலரும் இதில் தான் கை பழகுகிறார்கள்.

பழைய லேத்தில் வேகத்தை மாற்ற வேண்டுமானால் பெல்ட்டையோ கியரையோ மாற்ற வேண்டும். இதில் ஒரு குமிழைத் திருகினால் போதும். இந்த வசதி தான் இதன் பெரிய கவர்ச்சி. பெரிய தலைவலியும் இதுவே.

சில வருடம் ஓடிய பிறகு வேகம் தள்ளாட ஆரம்பிக்கும். குமிழைத் தொட்டால் துள்ளும். தொடாமலேயே ஏறி இறங்கும். திடீரென்று நிற்கும். சில சமயம் முழு வேகத்துக்குப் பாயும். உடனே உரிமையாளர் முடிவு செய்து விடுகிறார்: "போர்டு போயிடுச்சு. புது போர்டு வாங்கணும்." லேத்தில் விலை கூடிய பாகங்களில் ஒன்று அந்த போர்டு. அதையே முதலில் குற்றவாளியாக்கும் இந்த அவசரம் தவறு. பணத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் இது கேடு.

பாதுகாப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். மரை வெட்டும் வேலையை யோசித்துப் பாருங்கள். சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் மரையை நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் வெட்டினால், டூல் நொடிக்கு 1.5 மி.மீ. நகரும். சக்குக்கு இன்னும் 10 மி.மீ. தூரம் இருக்கிறது என்றால் கைப்பிடியை விடுவிக்க 6 நொடிக்கு மேல் நேரம் இருக்கிறது. அதே நேரத்தில் வேகம் 1000 சுற்றுக்குப் பாய்ந்தால்? டூல் நொடிக்கு 25 மி.மீ. ஓடும். கையில் இருக்கும் அவகாசம் 0.4 நொடி! டூல் சக்கில் மோதும். உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தள்ளாடும் வேகத்தோடு "பழகிப் போச்சு" என்று வேலை செய்வதும் தவறு, காரணம் தெரியாமல் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறு.

இந்த போர்டு என்ன தான் செய்கிறது? 1891ல் ஹாரி வார்டு லியோனார்டு என்ற அமெரிக்கர் டி.சி. மோட்டாரின் வேகத்தை நன்கு கட்டுப்படுத்த ஒரு முறை கண்டார். ஒரு மோட்டாரின் வேகத்தை மாற்ற இன்னொரு மோட்டாரும் ஒரு ஜெனரேட்டரும் தேவைப்பட்டன. 1957ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் பிறந்த பிறகு, அறையை அடைத்த அந்த ஏற்பாடு படிப்படியாக உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. சின்ன லேத்தின் போர்டில் தைரிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ இருந்து, குமிழ் சொல்லும் அளவுக்கு மோட்டாருக்கு மின்னழுத்தம் கொடுக்கிறது. அவ்வளவு தான். சுருங்கியதாலோ என்னவோ பலர் அதை மந்திரப் பெட்டியாக நினைக்கிறார்கள். புரியாத பெட்டி மேல் பழி போடுவது சுலபம் அல்லவா!

ஆனால் போர்டு சொன்னதைச் செய்யும் வேலைக்காரன். சொல்பவன் குமிழ். செய்து முடிப்பவன் மோட்டார். நடுவில் இருப்பவை கம்பிகள். இவற்றில் தேய்வது எது? குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரும், மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் தான். தேயும் பொருளைத் தானே முதலில் சந்தேகப்பட வேண்டும்?

நோய்க்குறிகளைப் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்து விடும்.

குமிழைத் திருகும் போது மட்டும் வேகம் துள்ளினால் பொட்டென்ஷியோமீட்டர் மேல் சந்தேகம். அதன் உள்ளே ஒரு தொடுமுனை கார்பன் தடத்தின் மேல் உரசி ஓடுகிறது. தடம் தேய்ந்தாலும், எண்ணெய்த் தூசு படிந்தாலும் தொடர்பு விட்டு விட்டு வரும். அதில் மூன்று கம்பிகள். பெரும்பாலான போர்டுகளில் கீழ் முனைக் கம்பி கழன்றால், நடுக்கம்பியில் முழு அளவு வந்து மோட்டார் முழு வேகம் எடுத்து விடும். "தானாகவே பாய்கிறது" என்ற புகாரில் இப்படி ஒரு தளர்ந்த கம்பியும் இருக்கக் கூடும்.

அதிர்வு வந்தால் மட்டும் நின்று நின்று ஓடினால், சொருகு இணைப்புகளையும் சக் மூடியின் சின்ன ஸ்விட்சையும் பார்க்க வேண்டும். மூடி திறந்தால் லேத்தை நிறுத்துவதற்கு வைத்த ஸ்விட்ச் அது. அதிர்வில் அது நொடிப்பொழுது விட்டுப் பிடித்தால், லேத்துக்கு அது "நில், நில்" என்ற கட்டளை தான். அதற்காக அந்த ஸ்விட்சை ஒரேயடியாகத் துண்டிப்பது சரியான மருந்து அல்ல. புதிதாக மாற்றுவதே முறை.

சுமை ஏறும் போது தீப்பொறி அதிகமாகி வேகம் விழுந்தால் பிரஷ். தேய்ந்திருக்கலாம், கூட்டில் சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். (புதிய எஸ்சி3 போன்ற பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட லேத்துக்கு இது பொருந்தாது.)

ஒரே தாளத்தில் வேகம் ஏறி இறங்கினால் விஷயம் சுவாரசியமானது. சுமை வரும் போது மோட்டார் மெதுவாகும், கரண்ட் அதிகம் இழுக்கும். அதைக் கண்டு போர்டு கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து வேகத்தைத் தூக்கி நிறுத்தும். எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு. அமெரிக்காவின் கேபி எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த போர்டுகளில் அதன் பெயர் 'ஐஆர்'. இதை அளவுக்கு மீறி ஏற்றினால் போர்டு தேவைக்கு மேல் உதவி செய்யும், பிறகு பின்வாங்கும், மறுபடி உதவும். ஊஞ்சல் ஆட்டம் தான்! பழைய இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு அந்தத் திருகைக் கொஞ்சம் குறைத்தால் போதும். சுமையில் வேகம் லேசாக விழும். விழட்டும், ஆடுவதை விட அது மேல்.

குமிழ், கம்பி, ஸ்விட்ச், பிரஷ் எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் குமிழை மதிக்காமல் முழு வேகத்தில் ஓடுகிறதா? அப்போது போர்டைச் சந்தேகிக்கலாம். தைரிஸ்டரோ மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கலாம்.

சோதிக்கும் வரிசையும் இதே தான். விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதற்கு. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடியக் காத்திருந்து, பொட்டென்ஷியோமீட்டரின் கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். குமிழை மெதுவாகத் திருகும் போது அளவு சீராக ஏற வேண்டும். முள் ஆடும் பழைய மீட்டர் இருந்தால் துள்ளல் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து இணைப்புகள், அடுத்து பிரஷ். பிறகு பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் இறுகிய பேரிங்கிலோ கியரிலோ இருக்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த வகை போர்டுகள் பலவற்றில் மின்தடுப்பு கிடையாது. பொட்டென்ஷியோமீட்டர் கம்பியிலேயே வீட்டு மின்சாரத்தின் ஆபத்து உண்டு. ஆகவே 'ஐஆர்' திருகைத் திருப்புவது உட்பட எல்லாமே பிளக்கைப் பிடுங்கிய பிறகு தான். மின்சாரம் ஓடும் போது அளக்க வேண்டிய நிலை வந்தால், அங்கே நின்று தெரிந்தவரிடம் கொடுப்பது தான் புத்திசாலித்தனம்.

"இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? போர்டை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது" என்று சிலர் சொல்வார்கள். லேத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அது நியாயமான வாதம் தான். ஒரு நாள் வேலை நின்றால் நஷ்டம் போர்டின் விலையைத் தாண்டலாம். ஆனால் ஒரு கேள்வி: பழைய போர்டு ஏன் போனது? பிரஷ் துகள் மோட்டாருக்குள் ஷார்ட் செய்ததாலா? இரும்புச் சீவல் போர்டின் மேல் விழுந்ததாலா? காரணம் அப்படியே இருந்தால் புது போர்டும் அதே வழியில் தான் போகும். அப்போது நஷ்டம் இரண்டு மடங்கு.

இன்னும் சிலர் மோட்டாரையே தூக்கி எறிந்துவிட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரும் புது டிரைவும் போடுகிறார்கள். அது நல்ல முன்னேற்றம் தான். ஆனால் அழுக்கடைந்த ஒரு பொட்டென்ஷியோமீட்டருக்காக அதைச் செய்தால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

குற்றம் வாங்குபவர் பக்கம் மட்டும் இல்லை. இந்த லேத்துகளோடு வரும் கையேட்டில் பாகங்களின் படம் இருக்கும், கம்பி இணைப்புப் படம் இருக்கும். போர்டுக்குள் என்ன இருக்கிறது, எந்தத் திருகு எதற்கு என்பது பெரும்பாலும் இருக்காது. தெரியாதவன் போர்டைத் தான் வாங்குவான்! 2024ல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்ப்பை ஊக்குவிக்கும் சட்ட ஆணை ஒன்றைக் கொண்டு வந்தது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி, ஏன், வெல்டிங் கருவி கூட அந்தப் பட்டியலில் உண்டு. லேத் இல்லை. பழுதுபார்க்க உதவும் இயந்திரத்துக்கே பழுதுபார்க்கும் வழி சொல்லப்படாதது வேடிக்கை தான்.

சின்ன லேத் வாங்குபவர் அதை ஏன் வாங்குகிறார்? கடையில் கிடைக்காத ஒரு பாகத்தைத் தன் கையால் செய்து கொள்ளத் தான். அப்படிப்பட்டவர், தன் லேத் லேசாகத் தள்ளாடியதும் முதல் வேலையாகக் கடைக்கு ஓடுவது பொருத்தமாகவா இருக்கிறது? பிளக்கைப் பிடுங்கட்டும். மீட்டரை எடுக்கட்டும். குமிழிலிருந்து ஆரம்பிக்கட்டும். கடைசியில் போர்டு தான் குற்றவாளி என்று தெரிந்தாலும் பரவாயில்லை. அது ஏன் போனது என்று தெரிந்து கொண்டு தானே வாங்குகிறார்!