மட் ஃப்ளாப் மாட்ட 300 ரூபாய் கூலி: உங்க ‘ஒரு மணி நேர ரேட்’டோட ஒரு சின்ன சண்டை

நம்ம சேனல்ல கார் பத்தி எந்த வீடியோ போட்டாலும் ஒரு கணக்கு தவறாம வந்து நிக்கும். "சார், என் சம்பளம் வருஷத்துக்கு 12 லட்சம். சுமார் 2,000 மணி நேரம் வேலை பாக்கறேன். அப்போ என் ஒரு மணி நேரத்தோட விலை 600 ரூபாய். மட் ஃப்ளாப் மாட்டுற கூலி 300 ரூபாயை மிச்சப்படுத்த, நான் எதுக்கு சனிக்கிழமை காலைல ஸ்க்ரூடிரைவரோட கார் பக்கத்துல குத்த வெச்சு உக்காரணும்?"

கேக்க புத்திசாலித்தனமா இருக்கு. எக்செல்ல போட்டா இன்னும் அழகா இருக்கும். ஆனா மாசச் சம்பளக்காரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாதுங்கறது என் கருத்து. மட் ஃப்ளாப்பை வீட்லயே நீங்களே மாட்டுங்கன்னு நான் சொல்றதும் அதனாலதான்.

மணிக்கணக்குல காசு வாங்கறவங்களுக்கு அந்தக் கணக்கு சரி. ஜூலை மாசத்துல எனக்கே சரி. ரிட்டர்ன் ஃபைலிங் சீசன்ல ஒரு மணி நேரம் வேற எங்கயாவது போச்சுன்னா, ஒரு கிளையண்ட்டோட வேலை நாளைக்குத் தள்ளிப் போகும். ஆனா உங்க கம்பெனி சனிக்கிழமை காலை 10-லேர்ந்து 11 வரைக்கும் உங்களுக்கு என்ன குடுக்குது? ஒண்ணும் குடுக்கல. நீங்க தூங்கினாலும் சரி, ஃப்ளாப் மாட்டினாலும் சரி, 30-ஆம் தேதி வர்ற தொகை ஒரே தொகைதான். சிடிசியை 2,000-ஆல வகுத்தா வர்ற நம்பர், கம்பெனி உங்க நேரத்துக்குக் குடுக்கற சராசரி விலை. அதை வெச்சு லீவு நாளை விலை பேச முடியாது, ஏன்னா லீவு நாளை யாரும் வாங்கல.

தூக்கத்துக்கும் குழந்தையோட இருக்கற நேரத்துக்கும் விலையே இல்லைன்னு நான் சொல்லல. இருக்கு. ஆனா அது 600 ரூபாய் இல்ல, அதை சம்பளத்தை வகுத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. முதுகுவலி இருக்கறவங்க, கைக்குழந்தை இருக்கற வீட்டுக்காரங்க, தாராளமா 300 ரூபாய் குடுத்துடுங்க. எனக்கு அதுல சண்டையே இல்ல.

இன்னொரு விஷயமும் அந்தக் கணக்குல விட்டுப் போகுது. கடையில மாட்டினா உங்க நேரம் மிச்சம்னு யார் சொன்னது? சென்னையில ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு சனிக்கிழமை போய்ப் பாருங்க. பையன் மாட்டறது 20 நிமிஷம். போக, பார்க்கிங் தேட, உங்க வண்டிக்கு முன்னாடி நிக்கற வண்டிகளுக்கு சீட் கவர் மாட்டி முடிக்கற வரைக்கும் டீ குடிச்சுட்டு நிக்க, திரும்பி வர, இதெல்லாம் சேர்த்தா அரை நாள். அதையும் 600-ஆல பெருக்கணும் இல்லையா?

அடுத்தது வரி. கூலியா நீங்க குடுக்கற 300, வரி கட்டினது போக கையில இருக்கற 300. புது ரெஜிம்ல, சம்பளக்காரங்களுக்கு 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோட சேர்த்து 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதனால அவங்களுக்கு இது பெருசா தெரியாது. ஆனா 18 லட்சம் சம்பளம் வாங்கறவருக்கு கடைசி ரூபாய் 20% ஸ்லாபுல விழுது, செஸ்ஸோட 20.8%. அவர் 1,000 ரூபாய் மிச்சம் பிடிச்சா, ஆபீஸ்ல 1,263 ரூபாய் கூடுதலா சம்பாதிச்சதுக்குச் சமம். மிச்சம் பிடிச்ச காசுக்கு டிடிஎஸ் கிடையாது.

சரி, ஒரு 300 ரூபாய்க்கா இவ்ளோ பேச்சுன்னு கேப்பீங்க. நியாயம்தான். 300 ரூபாய் கூலி தனியா ஒரு வரியில வந்தா நான் இவ்ளோ எழுதியிருக்க மாட்டேன். அது அப்படி வர்றதில்ல.

10 லட்சத்துக்கு மேல விலை இருக்கற காருக்கு ஷோரூம்ல 1% டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்ல, ரிட்டர்ன்ல உங்க வரியில கழிச்சுக்கலாம். (நிறைய பேர் மறந்துடறாங்க. 26ஏஎஸ்ல ஒரு தடவை பாத்துடுங்க.) அதுக்காக கிளையண்ட்ஸ் கார் பில் அனுப்பும்போது, கூடவே இன்னொரு பேப்பரும் வரும். ‘பேசிக் கிட்’னு தலைப்பு. ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், டோர் வைசர், சீட் கவர், ஸ்டியரிங் கவர், பாடி கவர், ஒரு பெர்ஃப்யூம் பாட்டில். எதுக்கு எவ்வளவுன்னு இருக்காது, கீழ ஒரே தொகை. மாட்டுற கூலி எங்க இருக்குன்னு தேடினா கிடைக்காது, அது எல்லாத்துக்குள்ளயும் கரைஞ்சு போயிருக்கும்.

உதாரணத்துக்கு அந்தத் தொகை 15,000-னு வெச்சுக்குவோம். "லோன்லயே சேத்துக்கலாம் சார், இஎம்ஐல தெரியவே தெரியாது"ன்னு சொல்வாங்க. உண்மைதான், தெரியாது. 9% வட்டி, 7 வருஷம்னா மாசம் 241 ரூபாய்தான். ஆனா மொத்தமா நீங்க கட்டறது சுமார் 20,270. அஞ்சு வருஷ லோன்னா சுமார் 18,680. ரப்பர் மேட் ரெண்டு மூணு வருஷத்துல கிழிஞ்சு போயிருக்கும், அதுக்கு வட்டி மட்டும் ஓடிட்டே இருக்கும். "நான் கிட்டுக்கு கையில இருந்து குடுத்துட்டேன், லோன்ல சேக்கல"ன்னு சிலர் சொல்றாங்க. அந்தக் காசை டவுன் பேமெண்ட்ல போட்டிருந்தா லோன் அவ்வளவு குறைஞ்சிருக்குமே. ரெண்டும் ஒண்ணுதான்.

"இதெல்லாம் கம்பல்சரி சார்" அப்படின்னும் ஒரு வசனம் உண்டு. ஹெச்எஸ்ஆர்பி நம்பர் பிளேட் கம்பல்சரி, 2019 ஏப்ரல் 1-லேர்ந்து புது வண்டிகளுக்கு அதோடதான் டெலிவரி குடுக்கணும். இன்சூரன்ஸ் கம்பல்சரி, ஆனா எந்த கம்பெனிகிட்ட எடுக்கணும்ங்கறது உங்க இஷ்டம். பேசிக் கிட் கம்பல்சரின்னு எந்தச் சட்டமும் இல்ல. "10,000 ரூபாய் ஆக்சஸரீஸ் ஃப்ரீ"ன்னு சொன்னாலும், அதுக்குப் பதிலா பில்லுலயே டிஸ்கவுண்ட் கேளுங்க. அந்த 10,000 எம்ஆர்பி கணக்கு. ஷோரூமுக்கு அதோட அடக்க விலை கண்டிப்பா அதை விடக் கம்மி. பேரம் பேசறப்ப பாதி தொகை ரொக்கமா கிடைச்சாலும் எனக்கு சந்தோஷம்தான்.

அதனாலதான் மட் ஃப்ளாப்பைப் பிடிச்சு ஆரம்பிக்கச் சொல்றேன். அந்த லிஸ்ட்லயே நாமளே மாட்டக்கூடிய, உண்மையிலேயே தேவையான பொருள் அது. "ஃப்ளாப் மட்டும் தனியா எவ்வளவு? மாட்டாம குடுத்தா எவ்வளவு?"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும், மத்த வரிகளுக்கும் விலை வெளிய வர ஆரம்பிக்கும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: 2025 செப்டம்பர் 22-லேர்ந்து கார் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18%. அதுக்கு முன்னாடி 28% போட்ட காலத்து ரேட் கார்டை நீட்டினா திருப்பிக் குடுத்துடுங்க.

இப்போ மாட்டறது. உங்க மாடல், வருஷம், வேரியண்ட் மூணையும் சொல்லி, அந்த வண்டிக்குன்னே அச்சுல வார்த்த செட் வாங்குங்க. பக்கவாட்டுல பிளாஸ்டிக் க்ளாடிங் இருக்கற வேரியண்ட்டுக்கு ஃப்ளாப் வேற மாதிரி இருக்கலாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு விக்கற தட்டையான ரப்பர் ஷீட் வேண்டாம். அதை வெட்டணும், ஓட்டை போடணும், அங்கதான் வம்பே ஆரம்பிக்குது.

சமமான தரையில வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. ஜாக்கி தேவையே இல்ல. ஜாக்கி மேல நிக்கற வண்டிக்கு அடியில கையை விடற பழக்கம் யாருக்கும் வேண்டாம். முன் சக்கரத்துக்கு ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு: எந்தப் பக்கம் வேலையோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை முழுசா திருப்புங்க. வலது பக்க ஃப்ளாப்புக்கு வலது பக்கம். அப்போ டயரோட பின் ஓரம் உள்ள போய், வீல் ஆர்ச்சோட பின் விளிம்பு நல்லா தெரியும். அங்க இருக்கற மண்ணை முதல்ல பிரஷ்ஷும் தண்ணியும் வெச்சு சுத்தம் பண்ணுங்க. இந்தப் படியைத் தாண்டிப் போறவங்கதான் அப்புறம் ஸ்க்ரூ தலையைக் கெடுக்கறாங்க.

பல வண்டிகள்ல உள் லைனரைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ ஏற்கெனவே அங்க இருக்கும். அதைக் கழட்டி, ஃப்ளாப்பை வெச்சு, அதே ஓட்டையில திரும்ப மாட்டறதுதான் வேலை. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு, அறுகோணத் தலையா இருந்தா அதுக்கேத்த ஸ்பேனர். எல்லா ஸ்க்ரூவையும் பாதி அளவு முறுக்கி, ஃப்ளாப் பாடியோட ஒட்டி நேரா உக்காருதான்னு பாத்துட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா இறுக்குங்க. பலம் எல்லாம் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக்ல மரை போச்சுன்னா அப்புறம் எந்த ஸ்க்ரூவும் நிக்காது. இடது, வலது ஃப்ளாப் வேற வேற, மாத்தி வெச்சா ஓட்டை சேராது.

பின் சக்கரம் திரும்பாது, அதனால இடம் கம்மி. குட்டையான கைப்பிடி இருக்கற ஸ்க்ரூடிரைவர் இருந்தா நிம்மதி. என் வண்டிக்கு நாலும் மாட்ட 50 நிமிஷம் ஆச்சு, அதுல 30 நிமிஷம் பின்னாடி ரெண்டுக்கு. முடிச்சதும் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, டயர் எங்கயும் உரசலைன்னு உறுதி பண்ணிக்குங்க.

"கல் தெறிச்சு பெயிண்ட் போனா இன்சூரன்ஸ் இருக்கே, ஃப்ளாப் எதுக்கு?" அப்படின்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, மூணு வருஷமா கிளைம் இல்லாம 35% நோ கிளைம் போனஸ்ல இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். கதவுக்குக் கீழ பெயிண்ட் போயிடுச்சு, சரி பண்ண 4,000. கிளைம் போட்டா, 1,500 சிசி வரைக்கும் 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு முதல்ல போயிடும். மிச்சம் 3,000-ல ஸீரோ டெப் இல்லாத பாலிசின்னா பெயிண்ட்டுக்கு தேய்மானமும் கழிப்பாங்க. கையில வர்றது 3,000-க்கும் கம்மி. கிளைம் போடாம இருந்திருந்தா அடுத்த ரின்யூவல்ல போனஸ் 45% ஆகியிருக்கும், அதாவது 3,600 ரூபாய் தள்ளுபடி. இப்போ அது பூஜ்யம். அதுக்கு அடுத்த வருஷமும் 50% கிடைக்க வேண்டிய இடத்துல 20%தான். அதனால சின்ன பெயிண்ட் வேலைக்கு விஷயம் தெரிஞ்ச யாரும் கிளைம் போட மாட்டாங்க, கையில இருந்துதான் குடுப்பாங்க. முன் டயர் வாரி இறைக்கற ஜல்லியை எல்லாம் ஃப்ளாப் தடுத்துடாது. ஆனா சில்லுக்கும் பின் கதவோட கீழ்ப்பகுதிக்கும் போற அடியை நல்லாவே குறைக்கும். பின் ஃப்ளாப் பெரும்பாலும் உங்களுக்காகவே இல்ல, மழைக்காலத்துல பின்னாடி வர்ற டூவீலர்காரர் சட்டைக்காக.

இதே உற்சாகத்துல எல்லாத்தையும் வீட்ல பண்ணலாம்னு கிளம்பிடாதீங்க. பாடி மெட்டல்ல டிரில் போடற எதுவும் வேண்டாம், அந்த ஓட்டைதான் துருவுக்கு வாசல், வாரண்டியிலயும் தகராறு வரும். ஒயரை வெட்டி இணைக்கற ஹாரன், லைட், மியூசிக் சிஸ்டம் தெரிஞ்ச ஆள்கிட்டதான் போகணும். அதுவும் விலை உயர்ந்ததா இருந்தா பில்லோட இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட சொல்லி பாலிசியில ஏத்திடுங்க. வண்டியோட ஐடிவி கம்பெனியில இருந்து வந்த பொருளுக்குத்தான், நீங்க பின்னாடி மாட்டினது தானா அதுல சேராது. முன்னாடி மாட்டுற இரும்பு க்ராஷ் கார்டை யாராவது கிட்டுல சேத்துக் குடுத்தா வாங்கவே வாங்காதீங்க. 2017 டிசம்பர்லயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை சட்டவிரோதம்னு அறிவிச்சாச்சு, ஏர்பேக் வேலை செய்யறதையும் அது கெடுக்கும்.

ஃப்ளாப் மாட்டின ஒரு வாரம் கழிச்சு நாலு சக்கரத்துலயும் ஸ்க்ரூவை ஒரு தடவை லேசா இறுக்கிப் பாருங்க, நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர் அதைத் தளர்த்தியிருக்கும். அஞ்சு பேர் உக்காந்து போறப்ப ஃப்ளாப் தரையில இடிக்குதான்னும் கவனிங்க. ரிவர்ஸ் எடுக்கறப்ப நடைபாதைக் கல்லுல பின் ஃப்ளாப் மாட்டிக்கிட்டா ஸ்க்ரூவோட பிடுங்கிட்டு வந்துடும், அதனால பார்க்கிங்ல ஒரு அரை அடி இடம் விட்டே நிறுத்துங்க.