உடற்பயிற்சி: எளியதிலிருந்து தொடங்குவோம்

ஆண்டுத் தொடக்கத்தில் உற்சாகத்தோடு உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்து, சீனப் பெருநாள் வருவதற்குள் அதனைக் கைவிட்டுவிடுவோர் நம்மிடையே பலர். அவர்களைச் சோம்பேறிகள் என்று கூறுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. தமக்குப் பொருந்தாத வகுப்பில் சேர்ந்தார்கள் என்பதே நமது கருத்து. முதலாம் ஆண்டு மாணவனை ஆறாம் ஆண்டு வகுப்பில் அமர்த்திவிட்டு, அவன் பாடம் படிக்கவில்லை என்று குறைகூறுவது முறையாகுமா? உடற்பயிற்சியில் மட்டும் நம் பெற்றோர் தமக்குத் தாமே இந்த அநீதியைச் செய்துகொள்கின்றனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பேரங்காடிகளில் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னே இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அடுக்குமாடி வீடுகளின் பொது மண்டபங்களில் ஸூம்பா நடனப் பயிற்சி நடைபெறுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காக்களில் செனாம்ரோபிக் இசை ஒலிக்கிறது. கைப்பேசியைத் திறந்தாலோ பத்து நிமிடத்தில் தொப்பையைக் கரைப்போம் என்று உறுதி கூறுவோர் ஆயிரம் பேர். ஆயினும், நாற்பத்தைந்து வயதில், சற்றே பருத்த உடலோடும் வலிக்கும் முழங்காலோடும் முதன்முதலாகப் பயிற்சிக்கு வரும் ஒருவர் எங்கே தொடங்குவது என்று சொல்வார் அரியர்.

இதனை வெறும் பொழுதுபோக்காக எண்ணுதல் கூடாது. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதிற்கு மேற்பட்டோரில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே மட்டும் அந்த எண்ணிக்கை 100க்கு 31. நோயுற்றோருள் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அதுவரை அறியாதிருந்தனர். நம் பள்ளி வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோரில் மூவருக்கு ஒருவர் என்ற அளவில் இதனை எண்ணிப் பார்த்தால், இஃது எவரோ ஒருவரின் நோயன்று என்பது விளங்கும்.

"நாங்கள்தாம் நாள் முழுவதும் உழைக்கிறோமே, எங்களுக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு?" என்று தோட்டத்து அன்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. 1953ஆம் ஆண்டில் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் லண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே பேருந்தில் ஒரே நேரத்தில் பணிபுரியும் இருவருள், நாள் முழுதும் படியேறி இறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநரைக் காட்டிலும், அமர்ந்தே வண்டி ஓட்டும் ஓட்டுநருக்கே நெஞ்சுநோய் மிகுதியாக வந்தது. உடலை அசைப்பதற்கும் இதயத்தின் நலத்திற்கும் உள்ள தொடர்பை உலகிற்கு உணர்த்திய முதன்மையான ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

அந்தக் கணக்கில் பார்த்தால், விடியுமுன் பிரட்டுக் களத்திற்கு வந்து, ஏறத்தாழ 500 பால்மரங்களை நடந்து நடந்து வெட்டிய நம் பெற்றோரும் பாட்டன்மாரும் நடத்துநர் பக்கமே. (அதற்காக அக்காலத்தைப் பொற்காலம் என்று பாடுவதற்கில்லை. மலேரியாவும் இரத்தச் சோகையும் அவர்களை எவ்வாறு வாட்டின என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.) ஆனால் அவர்தம் பிள்ளைகளாகிய நாம் இன்று எங்கே இருக்கிறோம்? ஒருவர் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குந்து ஓட்டுகிறார். ஒருவர் ஷா ஆலம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் நிற்கிறார். ஒருவர் பாதுகாவலராய் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தோட்டம் விட்டு அடுக்குமாடிக்குச் சென்றோர் மின்தூக்கியில் ஏறி இறங்குகின்றனர். உணவு மட்டும் பால்மரம் வெட்டிய காலத்து அளவிலேயே தட்டில் விழுகிறது.

இன்றும் தோட்டத்தில் கடுமையாக உழைப்போர் உள்ளனர். அவர்களிடம் ஓடுங்கள், குதியுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. செம்பனையில் குலை அறுப்பவர் நாள் முழுவதும் அண்ணாந்து நோக்கி, நீண்ட கழியில் கட்டிய அரிவாளை ஒரே பக்கமாக இழுக்கிறார். பின்னர் 20 கிலோ எடையுள்ள குலைகளைக் குனிந்து தூக்குகிறார். அவர் உடலுக்கு உழைப்புக் குறைவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் விழும் உழைப்பே அவரது குறை. பிடரியும் தோளும் இடுப்பும் இறுகிப் போன அவருக்கு வேண்டியது, மாலையில் கால் மணி நேரம் தசைகளை மெல்ல நீட்டித் தளர்த்தும் பயிற்சி. வண்டி ஓட்டுபவருக்கோ நடையும் படியேற்றமும் வேண்டும். ஆகவே அண்டை வீட்டார் எந்த வகுப்பிற்குச் செல்கிறார் என்பதைக் காட்டிலும், தம் உடல் பகலெல்லாம் எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதையே முதலில் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

தசை தளர்த்தும் பயிற்சி எனும்போது யோகம் நினைவுக்கு வருகிறது. அதனைப் பட்டணத்து வசதி படைத்தோரின் கலை என்று தோட்ட மக்கள் ஒதுக்குவதைக் கண்டிருக்கிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்னும் இளம் மருத்துவர் 1913ஆம் ஆண்டு மலாயாவிற்கு வந்தார். சிரம்பான் அருகே ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் நம் மக்களுக்கு மருந்து கொடுத்தார். பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். 1923ஆம் ஆண்டில் இந்தியா திரும்பித் துறவு பூண்டு, ரிஷிகேசத்தில் 1936ஆம் ஆண்டு தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் அவரே. அச்சங்கத்தின் ஆசிரமம் பத்துமலையிலும் உள்ளது. அவர்தம் சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த முறையில் அடிப்படை ஆசனங்கள் 12. ஆசனங்களுக்கு இடையே மல்லாந்து படுத்து இளைப்பாறும் வழக்கம் அம்முறையில் உண்டு. புதியவருக்கு இந்த இளைப்பாறுதலே பேருதவி. தோட்டத் தொழிலாளியின் நாடி பிடித்துப் பார்த்த ஒருவரின் வழியில் வந்த பயிற்சி, தோட்டத் தொழிலாளிக்கு எவ்வாறு அந்நியமாகும்?

இனி, வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை. அஃது எத்துணைப் புகழ்பெற்றது என்பதைவிட, வீட்டிற்கு எத்துணை அருகில் உள்ளது என்பதைப் பாருங்கள். கிள்ளானில் வசிப்பவர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள சிறந்த ஆசிரியரைத் தேடி மாலை நேர நெரிசலில் ஒன்றரை மணி நேரம் செலவிட்டுச் செல்வாராயின், மூன்றாம் வாரத்தில் அவர் வரமாட்டார். பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்போருக்கோ வாய்ப்புகள் காலடியில் உள்ளன. 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய வை.எம்.சி.ஏ. அங்கேதான் இருக்கிறது. 1981ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நிலையமும் அங்குள்ளது. பரதமும் உடற்பயிற்சிதான் என்பதை அரைமண்டியில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்தவர் மறுக்கமாட்டார். கிள்ளான் மக்களுக்கு ஆற்றங்கரையில் பெங்காலான் பத்து பூங்கா உண்டு. அங்கு நடப்பதற்குக் கட்டணம் எவரும் கேட்பதில்லை.

அடுத்து ஆசிரியரைப் பாருங்கள். உங்கள் பெயரைக் கேட்பதற்கு முன் பணத்தைக் கேட்பவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள். இரத்த அழுத்தம் உண்டா, நீரிழிவு உண்டா, முழங்கால் எப்படி, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று முதல் நாளே கேட்பவர் நல்லாசிரியர். குதிக்க இயலாதவருக்குக் குதியாமல் செய்யும் முறையையும், தரையில் அமர இயலாதவருக்கு நாற்காலியில் செய்யும் முறையையும் அவர் வைத்திருப்பார். பின்வரிசையில் தடுமாறுபவரைத் திரும்பிப் பார்ப்பார். சேருமுன் ஒரு நாள் ஓரமாய் அமர்ந்து வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கு இணங்காத இடம் நமக்கு வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம். ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்தால் மாதக் கட்டணம் குறைவு என்று சில நிலையங்கள் ஆசை காட்டும். முதன்முதலாகத் தொடங்குபவர் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுதல் கூடாது என்பது நமது திண்ணமான கருத்து. வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டுங்கள். சற்றுக் கூடுதலாக இருப்பினும், வராத மாதங்களுக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பதைவிட அது மலிவு. இரண்டு மாதம் தவறாமல் சென்றபின் மலிவு விலையைப் பற்றி யோசிக்கலாம். விலையுயர்ந்த காலணியும் அதுவரை காத்திருக்கலாம்.

தாய்மாரைப் பற்றித் தனியே ஒன்று கூறவேண்டும். வகுப்பிற்குச் செல்லாதிருப்பதற்கு அவர்கள் கூறும் காரணம் நேரமின்மை. கூறாத காரணங்கள் வேறு. உடுத்தும் உடை, பிறர் பார்வை, "இந்த வயதில் இவளுக்கு ஆட்டம் கேட்கிறது" என்னும் ஏளனம். சல்வாரும் தளர்ந்த சட்டையும் பயிற்சிக்கு முற்றிலும் போதும். ஏளனம் செய்வோரிடம் நாம் கேட்பது ஒன்றே: அந்த அம்மையாருக்கு நாளை காலில் புண் வந்து ஆறாமற்போனால், மருத்துவமனைக்குக் கூட வந்து அமரப்போவது யார்? கணவன்மார் வாரத்தில் இரு மாலைகள் அடுப்படியை ஏற்றுக்கொள்வதும் குடும்ப நலத்திற்கான பயிற்சியே.

வெளியே செல்ல இயலாதவர்க்கு வீடே பயிற்சிக் கூடம். அதற்கு ஆசிரியரும் வீட்டிலேயே இருக்கிறார். நான்காம் ஆண்டு முதல் நம் மாணவர்கள் பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை 'செகாக்' எனப்படும் உடற்திறச் சோதனையைச் செய்கின்றனர். உயரம், எடை பார்த்தபின், பலகையில் மூன்று நிமிடம் ஏறி இறங்குதல், கைகளை ஊன்றி உடலை உயர்த்துதல், படுத்தவாறு தலையையும் தோளையும் மட்டும் எழுப்புதல், கால்களை நீட்டி அமர்ந்து முன்னே கையை நீட்டுதல் ஆகியவையே அச்சோதனை. மாணவச் செல்வங்களே, இவற்றை உங்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுங்கள். ஆனால் உங்கள் வேகத்தில் அன்று. அம்மா படிக்கட்டின் முதற்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு நிமிடம் ஏறி இறங்கட்டும். அப்பா தரைக்குப் பதிலாகச் சுவரில் கைகளை ஊன்றட்டும். பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமரட்டும். சிரிக்காமல் எண்ணிக்கை சொல்வது உங்கள் பொறுப்பு.

வீட்டுப் பயிற்சிக்கு நெடுநேரம் தேவையில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் உலகெங்கும் பரவிய கனடா நாட்டு விமானப்படையின் வீட்டுப் பயிற்சி நூல், ஆடவர்க்கு நாளொன்றுக்கு 11 நிமிடமே கேட்டது. கருவி எதுவும் இல்லை. அந்நூலின் சில அசைவுகள் முதுகுக்கு ஏற்றவையல்ல என்று இக்காலத்தார் விலக்கிவிட்டனர். எனினும் அதன் அடிப்படை இன்றும் செல்லும்: எவராயினும் மிகத் தாழ்ந்த படியில் தொடங்கவேண்டும், அப்படி எளிதானபின்னரே மேற்படிக்குச் செல்லவேண்டும். கைப்பேசிக் காணொளியைப் பார்த்துச் செய்வோர் இதனைத்தான் மறந்துவிடுகின்றனர். திரையில் துள்ளுபவர் உங்கள் முழங்காலைப் பார்க்கவில்லை. 'தொடக்கநிலை' என்று தலைப்பிட்டிருந்தாலும் முதலில் அமர்ந்து முழுவதையும் பாருங்கள். பயிற்சி செய்துகொண்டே பேச முடிந்தால், ஆனால் பாட முடியாமற்போனால், அதுவே தக்க வேகம். மாடி வீட்டில் குதிக்கும் பயிற்சி வேண்டா. கீழ் வீட்டாரின் அமைதிக்கும் அது நல்லது.

நாளொன்றுக்கு 10,000 அடி நடக்கவேண்டும் என்ற எண்ணைக் கேட்டே மலைத்துப்போவோர் உளர். அந்த எண் மருத்துவ நூலில் பிறந்ததன்று. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரால் பரவியது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூத்த பெண்மணிகளிடையே நடந்த ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாகத் தென்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் பெரியோர்க்குச் சொன்னது வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவும், இரு நாள் தசைப் பயிற்சியும். அதற்கும் குறைவாகச் செய்வதும் ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேல் என்றே அந்நிறுவனமும் கூறுகிறது.

நோயுள்ளோர் சிலவற்றைக் கட்டாயம் கருதவேண்டும். நெஞ்சுநோய் உள்ளவரும், நெடுநாள் நீரிழிவு உள்ளவரும் அரசாங்க மருந்தகத்தில் கேட்டறிந்தபின் தொடங்குக. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாகாது. சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். வெறுங்காலுடன் திடலில் நடக்கவேண்டா. வீடு திரும்பியதும் பாதங்களைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ தோன்றினால் அக்கணமே நிறுத்தி உதவி நாடுங்கள். புகைமூட்ட நாள்களில், பிள்ளைகளின் வெளிப்புற விளையாட்டைப் பள்ளி நிறுத்தும்போது பெரியவர்களும் வீட்டினுள்ளேயே பயிற்சியை முடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு எமது பள்ளித் திடலைப் பார்க்கிறோம். மாலை ஐந்தரை மணிக்கு மேல் அது வெறுமையாய்க் கிடக்கிறது. தோட்டத்திலிருந்து கிள்ளானுக்குச் செல்லப் பேருந்து இல்லாத தாய்மாருக்கு இதைவிட அருகில் வேறு இடமும் இல்லை. உரிய அனுமதி பெற்று, செவ்வாயும் வியாழனும் மாலை 6 மணி முதல் 40 நிமிடம் இத்திடலைப் பெற்றோருக்குத் திறந்துவிடவேண்டும் என்னும் தீர்மானத்தை அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்வைக்க இருக்கிறோம். முதல் நான்கு வாரம் நடையும் படியேற்றமும் மட்டுமே. கட்டணம் இல்லை. விளக்கேற்றும் நேரத்திற்குமுன் வீடு திரும்பிவிடலாம். கைக்குழந்தையுள்ள தாய்மார் குழந்தையோடு வரலாம். ஆசிரியைகள் இருவர் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து பார்த்துக்கொள்ள இசைந்துள்ளனர். ஒரு தண்ணீர்ப் புட்டியும் பழைய காலணியும் கொண்டுவந்தால் போதும்.