'நோ யுபிஐ' என்ற தாளும் நுகர்வோரின் தீர்ப்பும்

2025 ஜூலையில் பெங்களூருவின் தேநீர்க் கடைகளிலும் பேக்கரிகளிலும் காண்டிமென்ட்ஸ் கடைகளிலும் கியூஆர் அட்டை இருந்த இடத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்பதே அதில் இருந்த வாசகம். அத்தாளைப் படம்பிடித்துச் சமூக ஊடகங்களில் இட்ட நுகர்வோர் பலர், படத்தோடு தீர்ப்பையும் சேர்த்தே எழுதினர். வரி ஏய்ப்பதற்கான தந்திரம் என்றனர். மாதச் சம்பளக்காரன் மட்டும்தான் வரி கட்ட வேண்டுமா என்று கேட்டனர். இத்தகைய கடைகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று அறைகூவல் விடுத்தனர். எதற்கும் சான்று கேட்டுப் பழகிய கற்றறிந்தோரும் இந்தத் தீர்ப்பில் சான்று கேட்காமல் கையொப்பமிட்டதுதான் வியப்பு. அந்தத் தீர்ப்பு தவறானது. அது எவ்வாறு தவறாகிறது என்பதைக் கணக்கைக் கொண்டே காட்ட முடியும்.

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். கர்நாடக வணிக வரித் துறை, 2021-22 முதல் 2024-25 வரையிலான பரிவர்த்தனைத் தரவுகளை யுபிஐ சேவை நிறுவனங்களிடமிருந்து பெற்றது. சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சேவை வழங்குபவருக்கு 20 லட்சம் ரூபாய் என்பது ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு. கணக்கில் வந்த தொகை இவ்வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாத ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு அறிவிப்புகள் சென்றன. பல ஆண்டுகளுக்கான வரி, வட்டி, அபராதம் என எல்லாம் ஒருங்கே கேட்கப்பட்டன. வரிவிலக்குப் பெற்ற காய்கறியை விற்பவரும்கூட பல லட்சம் ரூபாய்க்கான அறிவிப்பைப் பெற்றதாகச் செய்தி வந்தது. தாள்கள் ஒட்டப்பட்டது இதற்குப் பிறகுதான். இந்தக் கால வரிசையை மறந்துவிட்டே நுகர்வோர் அந்தத் தாளை வாசித்தனர்.

அந்த வாசகத்தின் இலக்கணமும் இந்த மறதிக்குத் துணைபோனது. அதில் எழுவாய் இல்லை, வினை இல்லை, காரணம் இல்லை. யார் மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்ற இரு கேள்விகளுக்கும் விடையை வாசிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். எச்சமாக நிற்கும் தொடரை நிரப்புவது எப்போதும் கேட்பவரின் முன்னறிவே. கடைக்காரரோடு தினமும் பேசுபவர் 'பயம்' என்று நிரப்பினார். கைபேசியை நீட்டி ஒலிப்பெட்டியின் குரலுக்காக மட்டுமே காத்திருந்து பழகியவர் 'திருட்டு' என்று நிரப்பினார். தாளில் இருந்தவை நான்கே சொற்கள். குற்றச்சாட்டு முழுவதும் வாசகரிடமிருந்து வந்தது.

இனிக் கணக்குக்கு வருவோர், விற்றுமுதலும் வருமானமும் ஒன்றல்ல என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 40 லட்சம் என்பதை 365 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய். பால் பாக்கெட், ரொட்டி, சிகரெட், குளிர்பானம் விற்கும் ஒரு தெருமுனைக் கடை இந்த அளவை எட்டுவது பெரிய விஷயமன்று. அதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது என்று தாராளமாகக் கொண்டாலும் ஆண்டுக்கு 4 லட்சம். வாடகையும் மின்கட்டணமும் உதவியாளின் கூலியும் போக மிஞ்சுவது அதனினும் குறைவு. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. அதாவது, இக்கடைக்காரருக்கு நிகரான வருமானம் பெறும் சம்பளக்காரரும் வருமான வரி கட்டுவதில்லை. 'நான் கட்டுகிறேன், அவர் கட்டுவதில்லை' என்ற ஒப்பீட்டில் ஒரு பக்கம் வருமானமும் மறுபக்கம் விற்றுமுதலும் வைக்கப்படுகின்றன. தராசின் இரு தட்டுகளிலும் இருப்பவை வெவ்வேறு பொருள்கள்.

ஜிஎஸ்டி வருமான வரியன்று, நுகர்வோர் தரும் வரியைக் கடைக்காரர் வசூலித்துக் கட்ட வேண்டும் என்று அடுத்த வாதம் எழும். அது சரியான வாதம். எனவே அதையும் அளந்து பார்க்கலாம். 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் 9 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று கொள்வோர், அந்த 9 ரூபாய்க்குள் இருக்கும் வரி முன்னரே அரசுக்குச் சென்றுவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சியது அவருடைய 1 ரூபாய் லாபத்துக்குள் அடங்கிய வரி மட்டுமே. அன்றைய 18 விழுக்காட்டு விகிதத்தில் அது ஏறத்தாழ 15 காசு. அவர் பதிவு செய்யாதவர் என்பதால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று சொல்லி முழு 10 ரூபாய்க்கும் வரி கணக்கிட்டால், அது ஒன்றரை ரூபாயைத் தாண்டுகிறது. 15 காசு பாக்கி வைத்தவரிடம், அவர் சம்பாதித்த 1 ரூபாயைக் காட்டிலும் அதிகமாகக் கேட்கப்படுகிறது. அதன்மேல் வட்டி, அபராதம். இக்கணக்கைப் போட்டுப் பார்த்த எவருக்கும் அத்தாளில் தந்திரம் தெரியாது. தப்பிக்கத் தவிக்கும் ஒரு மனிதர்தான் தெரிவார்.

விலக்குப் பெற்ற பொருள்களின் நிலை இன்னும் விந்தையானது. பாலுக்கும் காய்கறிக்கும் வரி இல்லை. இவற்றை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால், வரியுள்ள பொருளையும் சேர்த்து விற்பவரின் மொத்த விற்றுமுதலைக் கணக்கிடும்போது விலக்குப் பெற்ற பொருள்களின் மதிப்பும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. லாபம் மிகக் குறைவான பால் பாக்கெட்டே ஒரு கடையை வரம்பு தாண்ட வைத்துவிடும். கியூஆர் குறியீட்டுக்கோ இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. பாலுக்கு வந்த பணமும், சிகரெட்டுக்கு வந்த பணமும், மைத்துனர் அனுப்பிய கைமாற்றும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும் எண்களே.

சொற்களின் பாகுபாட்டையும் கவனிக்க வேண்டும். பெருநிறுவனம் சட்டத்தின் இடுக்குகளைப் பயன்படுத்திச் செலுத்தும் தொகையைக் குறைத்தால் அதற்கு 'வரித் திட்டமிடல்' என்று பெயர். அதற்கெனப் பட்டப்படிப்பும் உண்டு. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விட்டுக்கொடுக்கப்படுவதாக அரசே அறிவித்தது. அதற்கு 'ஊக்குவிப்பு' என்று பெயர். தேநீர்க் கடைக்காரர் ரொக்கம் கேட்டால் மட்டும் 'ஏய்ப்பு'. செயலுக்கு ஏற்பப் பெயர் அமைவதாகத் தோன்றினாலும் ஆளுக்கு ஏற்பவே பெயர் அமைகிறது.

நுகர்வோரின் உரிமை மீறப்பட்டது என்ற வாதமும் நிற்காது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி நாடெங்கும் செல்லும் பணம் ரூபாய் நோட்டுதான். குறிப்பிட்ட மின்னணு முறைகளை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்யு பிரிவு விதித்தது. ஆனால், ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கே அது பொருந்தும். 15 ரூபாய்த் தேநீர் விற்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 ஜூலையில் பத்தாண்டு கூட நிறைவடையாதிருந்த ஒரு வசதி, அதற்குள் உரிமையாக உருமாறிவிட்டது. யுபிஐ தொடங்கியது 2016 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வேறு வழியின்றி மின்னணு முறைக்கு இழுத்து வரப்பட்டவர்களும் இதே சிறு வணிகர்கள்தாம். 'வாருங்கள், கட்டணமில்லை' என்று அழைத்த குரல், பின்னாளில் அந்தப் பதிவேட்டையே எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது.

கட்டணமில்லை என்பதும் பாதி உண்மையே. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது விதி. சிறு வணிகரிடம் நடைபெறும் சிறு தொகைப் பரிவர்த்தனைகளுக்காக 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் ஒன்றிய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கி வங்கிகளுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் ஊக்கத்தொகை அளிக்க முடிவு செய்தது. எனவே இச்சேவைக்குச் செலவு உண்டு. நுகர்வோரின் கண்ணில் அது படுவதில்லை, அவ்வளவே. பணம் வந்துசேர்ந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை கட்டுபவரும் கடைக்காரரே.

வரி மட்டுமே அச்சத்துக்குக் காரணமன்று. 2023இல் கேரளத்தில் வணிகர் பலரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. எங்கோ வேறு மாநிலத்தில் பதிவான இணைய மோசடிப் புகாரோடு தொடர்புடைய பணத்தில் ஒரு சிறு துளி, வாடிக்கையாளர் ஒருவர் வழியாக அக்கணக்குக்கு வந்திருந்ததே காரணம். சில நூறு ரூபாய் வந்ததற்காகக் கணக்கு முழுவதும் முடங்கியவர்கள் உண்டு. அதன் பிறகு யுபிஐ வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை யாரும் வரி ஏய்ப்பவர் என்று அழைக்க இயலாது. மறுப்பு ஒன்றே, காரணம் இடத்துக்கு இடம் வேறு.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வரம்பை அறிந்தே தாண்டி, பதிவைத் தவிர்த்து, பல கணக்குகளில் பணத்தைப் பிரித்து வாங்கும் வணிகர்களும் இருக்கிறார்கள். ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள சரக்கு வணிகர் 1 விழுக்காடு மட்டும் செலுத்திப் போகும் காம்போசிஷன் திட்டம் இருந்தும் அதில் சேராதவர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு நோட்டும் இல்லாமல் இரவில் பேருந்து இறங்கி, பசியோடு கடை கடையாக ஏறி இறங்கும் மாணவரின் அலைச்சலும் உண்மையானது. ஆனால், இவற்றிலிருந்து பெறக்கூடிய முடிவு, தாள் ஒட்டிய அனைவரும் திருடர் என்பதன்று. பதிவை எளிதாக்கு, முன்கூட்டியே எச்சரி, எந்தக் கடைக்கு எந்த விகிதம் என்பதை அவரவர் மொழியில் விளக்கு என்று அரசிடம் கேட்பதே முறையான முடிவு.

அவ்வாறு கேட்டவர்கள் வணிகர்களே. ஜூலை 25 அன்று கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தனர். அறிவிப்புக்கு யார் பொறுப்பு என்று மாநில அரசும் ஒன்றிய ஆளுங்கட்சியினரும் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருந்தனர். 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர் பிரதிநிதிகளைச் சந்தித்தார். பழைய பாக்கி வசூலிக்கப்படாது, விலக்குப் பெற்ற பொருள் விற்போர்மீது நடவடிக்கை இல்லை, ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் இனிப் பதிவு செய்தாக வேண்டும் என்று அறிவித்தார். கடையடைப்பு கைவிடப்பட்டது. முதல் நாளே செய்திருக்கக்கூடிய ஏற்பாடு அது. அரசே பின்வாங்கிய பிறகும், 'திருடர்' என்று எழுதிய நுகர்வோரில் எத்தனை பேர் தம் பதிவை அழித்தனர் என்பது அவரவர் மனச்சான்றுக்கே வெளிச்சம்.

தமிழில் 'சில்லறை' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு: சிறு காசு, சிறு வணிகம், அற்பம். மூன்றாம் பொருள் முதல் இரண்டின்மேல் எவ்வாறு படிந்தது என்பதற்கு இந்த நிகழ்வே விளக்கம். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்ற பலகை தலைமுறைகளாகக் கடைகளில் தொங்கியது. அதுவும் மறுப்புதான். அதைக் கண்ட எவரும் கோபம் கொண்டதில்லை. சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் கைவிட்டார்கள். கடைக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை அன்றைய வாடிக்கையாளர் அறிந்திருந்தார். அந்த அறிவு இடைப்பட்ட காலத்தில் எங்கே தொலைந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வுலகத்துக்கும் இதில் பங்கு உண்டு. மாதந்தோறும் 1,800 கோடிக்கும் மேற்பட்ட யுபிஐ பரிவர்த்தனைகள் நடைபெறுகின்றன என்ற எண்ணை எடுத்து, பொருளாதாரம் முறைப்படுத்தப்பட்டுவிட்டது என்று எழுதும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அந்த எண்ணில் சேர விரும்பாதவரின் காரணத்தை அந்த எண் சொல்லாது. அதைக் கடைக்கே சென்று, அவர் மொழியில், பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். கள ஆய்வு என்று பாடத்திட்டத்தில் கற்பிக்கப்படுவதும் அதுவே. தாள் ஒட்டிய கடையின் முன் அடுத்த முறை நிற்கும் மாணவர், கைபேசியின் கேமராவைத் திறப்பதற்கு முன் 'ஏண்ணா, என்ன ஆச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கன்னடமோ தமிழோ, அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் பதில் சொல்லாத கடைக்காரர் அரிது.