ஒரு நாள் ஓட்டம், அறுபத்து நான்கு அதிகாலைகள்

இந்தியப் பெருநகரங்களில் நெடுந்தொலைவு ஓட்டம் இன்று ஒரு பருவகாலத் திருவிழாவாகிவிட்டது. மும்பை மாரத்தான் 2004-இலும், தில்லி அரை மாரத்தான் 2005-இலும் தொடங்கின. சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர். முழு மாரத்தானின் 42.195 கி.மீ. எட்டாத் தொலைவாகத் தோன்றும் பலருக்கு, அதில் பாதியான அரை மாரத்தானே முதல் இலக்கு.

அறுபது வயதைக் கடந்த நானும், மருத்துவரின் ஒப்புதலோடு முதல் அரை மாரத்தானுக்கு ஆயத்தமாகி வருகிறேன். பதினாறு வாரப் பயிற்சி. வாரத்துக்கு நான்கு நாள்கள். மூன்று நாள் சிறு ஓட்டம், ஞாயிறன்று நெடிய ஓட்டம். தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஆக, ஒரு நாள் ஓட்டத்துக்கு 64 அதிகாலைகள் தேவைப்படுகின்றன.

போட்டி நாளில் சாலையில் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. காவலர்கள் நிற்கின்றனர், வழிநெடுகக் குடிநீர் கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. பயிற்சி நாள்களிலோ நடைபாதையை இருசக்கர வாகனங்களும், மின் இணைப்புப் பெட்டிகளும், கட்டுமானக் குப்பைகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தெருவிளக்கு எரியாத இடத்தில் நாய்கள் துரத்துகின்றன. சாலையின் ஓரத்தில், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடிதான் ஓட வேண்டியுள்ளது.

பொருளியல் மொழியில் சொன்னால், போட்டி என்பது கட்டணம் செலுத்திப் பெறும் தனியார் பண்டம். பயிற்சிக்குத் தேவைப்படுவதோ பொதுப் பண்டம். முன்னதற்குச் சந்தை இருக்கிறது, விளம்பரதாரர்களும் இருக்கிறார்கள். பின்னதற்கு அரசையும் உள்ளாட்சியையும் விட்டால் வேறு யாருமில்லை. ஆனால், உடல்நலம் விளைவது பதக்கம் பெறும் நாளில் அன்று. அந்த 64 அதிகாலைகளில்தான்.

வயதுவந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்த அளவை எட்டவில்லை. 2000-இல் இது 22 சதவீதமாக இருந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது.

இதற்கு மக்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால், அதே லான்செட் ஆய்வு, போதிய உடலியக்கம் இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம் என்கிறது. இந்த 15 புள்ளி இடைவெளியைச் சோம்பலால் விளக்க முடியாது. நம் வெப்பத்தில் விடியுமுன்பே ஓட வேண்டும். அந்த நேரத்தில் பெரும்பாலான பெண்கள் அடுக்களையில் இருக்கின்றனர். வெளியே வர முடிந்தவர்களுக்கும் இருண்ட தெரு அச்சம் தருகிறது. வசதி படைத்தோர் அடுக்ககப் பூங்காவிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ இதற்கு விலை கொடுத்துத் தீர்வு காண்கின்றனர். மற்றவர்களுக்குத் தெருதான் மைதானம்.

மருத்துவமனைகளுக்கே நிதி போதாதபோது ஓட்டக்காரர்களுக்குச் செலவிடலாமா என்று கேட்கலாம். நடைபாதையின் பயனாளிகளில் ஓட்டக்காரர்கள் மிகச் சிறுபான்மையினரே. பள்ளிக் குழந்தைகள், முதியோர், பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் தொழிலாளர்கள் என எல்லோருக்கும் அது உரியது. நீரிழிவு நோயாளிக்கு ஆயுள் முழுவதும் ஆகும் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால், இது சிக்கனமான முதலீடும்கூட.

கொள்கைக்கும் இங்கே பஞ்சமில்லை. போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்போர், மிதிவண்டி ஓட்டுவோருக்கான வசதிகளுக்கு ஒதுக்கும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இலேயே ஏற்றது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறை. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் கூறியது. தமிழக அரசும் 2023-இல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதையை அறிமுகப்படுத்தியது. நல்ல தொடக்கம், ஆனால், மாவட்டத்துக்கு ஒரு பாதை போதாது.

உடனடியாகச் செய்யக்கூடியவையும் உண்டு. அரசுப் பள்ளி, கல்லூரி மைதானங்களைக் காலை 5 முதல் 7 மணி வரை பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். அப்பகுதித் தெருவிளக்குகளையும் காவல் ரோந்தையும் அந்த நேரத்துக்கு உறுதிப்படுத்தலாம். மாரத்தான்களுக்கு அனுமதி வழங்கும்போது, கட்டணத்தில் ஒரு பகுதியை அந்நகரின் நடைபாதைப் பராமரிப்புக்கு ஒதுக்குமாறு நிபந்தனை விதிக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு நாள் சாலையை ஓட்டக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்க நம் நகரங்களால் முடிகிறது. எஞ்சிய நாள்களில் நடைபாதையை மட்டுமாவது நடப்போருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).