கடையை மூடலாம், கண்ணை மூடலாமோ?



வளைத்தால் வளையும், ஒடியாது. வெங்காயத் தோல்போல் மெல்லியது. ஒளி பட்டால் உணரும். ஒளி அகன்ற பின்னும் அதன் சுவட்டைச் சிறிது நேரம் தாங்கி நிற்கும். மீண்டும் மீண்டும் பட்டால் அச்சுவடு அழுத்தம் பெறும். விழியும் மூளையும் செய்யும் வேலையை ஒருங்கே செய்ய முனையும் மின்னணுப் படலம் இது! 2020-ஆம் ஆண்டில் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தார், அரைக்கோளத்தில் நுண்கம்பிகளை நட்டு, மனித விழியை ஒத்த கண்ணொன்றையே சமைத்துக் காட்டினர்.

வாழ்த்துவோம். ஆனால், வாழ்த்தி முடித்த வாயால் ஒன்று கேட்போம்: அந்தக் கண் எவருக்குச் சொந்தம்?

வீண் கேள்வி என்பர் சிலர். கலிபோர்னியாவின் கதையைக் கேட்கட்டும். 'செகண்ட் சைட்' என்னும் நிறுவனம் 'ஆர்கஸ் 2' என்ற கருவியைச் செய்தது. மூக்குக் கண்ணாடியிலுள்ள கேமரா காட்சியைப் பிடிக்கும். விழித்திரைமேல் பொருத்திய மெல்லிய படலத்தின் 60 மின்முனைகள் நரம்பைத் தூண்டும். கிடைத்தது முழுப் பார்வையன்று, ஒளிப் புள்ளிகளே. எனினும், இருளில் தவித்தவனுக்கு அப்புள்ளியும் விடியலன்றோ! 2013-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டனர்.

2019-இல் உற்பத்தி நின்றது. 2020-இல் பணியாளரிற் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். பழுதானால் பார்ப்பார் இல்லை. உதிரி உறுப்புக்கு வழியில்லை. கருவியோ கண்ணுக்குள்! 2022-இல் 'ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம்' இதழ் இக்கொடுமையை எழுதிய பின்னரே உலகம் திகைத்தது.

"நட்டப்பட்டவன் என்ன செய்வான்?" என்று முதலாளிக்குப் பரிந்து பேசுவோர் உண்டு. நட்டம் வந்தால் கடையை மூடலாம், கண்ணை மூடலாமோ? விற்றது துணியா, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக? மனிதனின் பார்வை!

நாளை வரும் கண் காண்பதோடு நில்லாது, நினைவும் கொள்ளும். பார்வை பறிபோனதற்கே கேட்பாரில்லை என்றால், நினைவு களவு போனால் கேட்பார் யார்?

ஆகவே, இன்றே சட்டம் வேண்டும். உடலுக்குள் பொருத்தும் கருவியின் வரைபடமும் இயக்க முறையும் அரசின் காப்பில் இருக்க வேண்டும். பழுது பார்க்கும் பணத்தை விற்கும்போதே ஒதுக்கி வைக்க வேண்டும். கண் பதித்த நினைவு, கண்ணுடையவனுக்கே உரியதாக வேண்டும்.

விஞ்ஞானி கண்ணைத் தருகிறான். அதைக் கணக்கப்பிள்ளை பிடுங்காமல் காப்பது நம் கடமை!