ஏழைக்கு இடிப்பு, பணக்காரனுக்கு வரன்முறை!

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இளங்கோ தெருவை ஒட்டி, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் என்பதாக ஓர் இடமுண்டு. 2022-ம் வருஷம் ஏப்ரல் கடைசியில் அங்கிருந்த 259 வீடுகளை இடிக்க சர்க்கார் அதிகாரிகள் போலீஸ் பந்தோபஸ்துடன் வந்து இறங்கினார்கள். தனியார் ஒருவர் தொடுத்த ஆக்கிரமிப்பு வழக்கில் கோர்ட்டு உத்தரவாகிவிட்டது, சுப்ரீம் கோர்ட்டும் தடை கொடுக்கவில்லை, ஆகையால் தாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பது சர்க்கார் தரப்பு சமாதானம். 10-வது, 12-வது வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மே மாதம் முதல் வாரத்தில் சர்க்கார் பரீட்சை. அதைக்கூடப் பார்க்கவில்லை. மே 8-ந் தேதி அங்கே குடியிருந்த ஒரு முதியவர் தன் மேல் தானே நெருப்பு வைத்துக்கொண்டு உயிரை விட்டார். மறுநாள் சட்டசபையில் முதல் மந்திரி, அவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், வீடிழந்தவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்திலேயே குடியிருப்பும் தருவதாக அறிவித்தார். மந்தைவெளியில் இடமிருக்கிறது என்பது ஒரு பிணம் விழுந்த பிறகுதான் தெரிந்தது போலும்!

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்த ஒரே சட்டம், இரண்டு மைல் தள்ளியிருக்கும் தியாகராய நகரில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சற்றுப் பார்ப்போம்.

1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அனுமதி வாங்கிய பிளானுக்கு மிஞ்சி மாடி எழுப்பினால் அதை மூடி முத்திரையிடவும் இடிக்கவும் அதிகாரமுண்டு. ஆனால் 1998-ல் அதே சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சொருகினார்கள். அதாவது, விதியை மீறிக் கட்டியவர் பணம் கட்டிவிட்டால் மீறலே ஒழுங்காகிவிடும். கோவிலில் பரிகாரம் செய்து பாவத்தைக் கழுவுகிற மாதிரிதான், வேறென்ன? இது ஒரே ஒரு தடவைக்குத்தான் என்று சொல்லப்பட்டதன் பேரில், 2000-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு இதைச் செல்லும் என்றது. ஆனால் அந்த ஒரு தடவை மேலும் மேலும் நீண்டுகொண்டே போயிற்று. அப்படி நீட்டியது செல்லாது என்று 2006 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு அடித்துவிட்டது. நாட்டில் தீர்ப்புக்கு மதிப்பிருந்தால் மறுநாளே கடப்பாரை எடுத்திருக்க வேண்டும். நடந்ததென்ன? 2007-ல் அந்தக் கட்டிடங்களைத் தொடாதிருக்க ஓர் அவசரச் சட்டம், பிறகு சட்டம், பிறகு வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு! 2011 அக்டோபர் கடைசி நாளில் ரங்கநாதன் தெருப் பக்கத்துக் கடைகளுக்கு முத்திரை வைத்தார்கள். 2012 ஜனவரியில் பொங்கல் வியாபாரத்துக்கு முன்னாலேயே, ஆறு வாரத்துக்குத் திறந்துவிடும்படி சுப்ரீம் கோர்ட்டில் உத்தரவு கிடைத்துவிட்டது.

கடைக்குப் பொங்கல் உண்டு. குழந்தைக்குப் பரீட்சை கிடையாது! இதற்கு என்ன பெயர் வைப்பது?

நாம் விதியை மீறிக் கட்டலாம் என்று சொல்லவில்லை. கால்வாயை அடைத்தால் வெள்ளம் வரும் என்பதும், படிக்கட்டை அடைத்துச் சரக்கு குவித்தால் தீப்பிடிக்கையில் ஜனங்கள் வெளியேற முடியாது என்பதும் பகுத்தறிவுக்குத் தெரிந்த விஷயம். அனுமதிச் சீட்டு இருந்தால் போதும் என்பதும் இல்லை. 2014 ஜூன் 28-ந் தேதி மவுலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டிடம் அனுமதி பெற்ற கட்டிடந்தான். செத்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த கூலியாட்கள். கட்டிய முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை.

நிற்க, கோர்ட்டுக்குப் போவது பாமரனுக்கு ஆகிற காரியமா? வக்கீல் பீஸுக்கே அவன் குடிசையை விற்க வேண்டும். தன் பக்கத்து மனையில் யாருக்கு எத்தனை மாடி கொடுத்தார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. இடிக்க வருகிற அன்றுதான் தன் வீடு புறம்போக்கு என்று தெரிகிறது. இங்கே ஒரு வழியாவது கைக்கு எட்டியதாக இருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால், எந்தக் கட்டிடத்துக்கு என்ன பிளான் அனுமதித்தார்கள், எந்த விதியை யாருக்காகத் தளர்த்தினார்கள் என்று கார்ப்பரேஷனையும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தையும் கேட்கலாம். வாலிபத் தோழர்கள் தெருத் தெருவாக இந்த மனுவை எழுதிக் கொடுக்கட்டும். ஒரு வார்டில் நூறு மனு விழுந்தால், 259 வீட்டுக்காரனுக்கு வந்த நோட்டீசு ஏழு மாடிக்காரனுக்கு ஏன் போகவில்லை என்று கவுன்சிலர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.