சுந்தரவனம்: உரிமம் ஒருவரிடம், துடுப்பு வேறொருவரிடம்

இந்தியாவிலும் வங்கதேசத்திலும் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள சுந்தரவனச் சதுப்புநிலக் காடுகளில் நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்குகிறது. நீர் வற்றத் தொடங்கியதும் குறுகிய ஓடைகளில் படகுகள் சேற்றில் தரைதட்டிவிடுகின்றன. நீர் மீண்டும் ஏறும்வரை, புலி எட்டக்கூடிய தொலைவிலேயே மீனவர்கள் காத்திருக்க நேரிடுகிறது. நண்டு பிடிப்போர் நாடிச் செல்வதும் இத்தகைய ஓடைகளைத்தான்.

இந்தியப் பகுதியில், புலிகள் காப்பகத்தினுள் மீன்பிடிக்க வனத்துறையின் படகு உரிமச் சான்றிதழ் தேவை. ஏறத்தாழ 900 சான்றிதழ்களே வழங்கப்பட்டுள்ளன. அவற்றில் பல, மீன்பிடித் தொழிலில் இல்லாதவர்களின் பெயரில் இருப்பதால், மீனவர்கள் அவற்றை வாடகைக்கு எடுக்கின்றனர். மையப் பகுதியில் மீன்பிடிக்க எவருக்கும் அனுமதியில்லை.

காட்டையும் புலியையும் காப்பதே இவ்விதிகளின் நோக்கம். ஆனால் உரிமமின்றிச் சென்றவர் புலியால் கொல்லப்பட்டால், வழக்குக்கு அஞ்சி குடும்பத்தினர் அதனை மறைத்த சம்பவங்கள் உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடும் மறுக்கப்பட்டு வந்தது. இத்தகைய ஒரு வழக்கில் இழப்பீடு வழங்குமாறு கல்கத்தா உயர்நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டில் உத்தரவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் இழப்பீடு உயிரைக் காக்காது. துடுப்புப் பிடிப்பவரின் பெயரிலேயே உரிமம் இருந்தால்தான், யார் காட்டினுள் சென்றார், யார் திரும்பவில்லை என்பதையாவது அரசால் அறிய முடியும்.